மைசூரு குளுமையும் லேப்டாப் சூடும்

திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, சாமராஜநகர் வழியாக மைசூருவுக்குள் நுழையும்போது முதலில் மாறுவது காற்று. கடல்மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. ஏப்ரல் மாதத்திலும் பகல் வெப்பம் சராசரியாக 34, 35 டிகிரியோடு நின்றுவிடும். இரவில் 21, 22 டிகிரிக்கு இறங்கிவிடும். பொறியியல் படிக்கவும், ஹெப்பாள் பக்கம் இருக்கும் இன்ஃபோசிஸ் வளாகத்தில் பயிற்சிக்கும் தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டுக்குப் போன் போட்டு மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்: "இங்க ஏசியே வேண்டாம்மா."

அறைக்கு வேண்டாம்தான். ஆனால் அதே அறையில், கட்டில்மேல் திறந்து வைத்த கேமிங் லேப்டாப்பில் விளையாட்டு தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் ஃபேன் இரையத் தொடங்குகிறது. பக்கவாட்டுத் துளையில் கைவைத்தால் சுடுகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரையில் ஓடுகிறவர்கள் தடுக்கித் தடுக்கி ஓடுகிறார்கள். மூன்றாம் வருடப் பரீட்சைக்குள் பேட்டரி பாதியாகிவிடுகிறது. குளுகுளு ஊரில் இருந்துகொண்டு இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

வெயிலிலிருந்து அல்ல. ஆர்டிஎக்ஸ் 4090 லேப்டாப்புக்கான கிராபிக்ஸ் சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிக்கான் பரப்பு ஏறத்தாழ 380 சதுர மில்லிமீட்டர்; கட்டைவிரல் நகம் இரண்டை ஒட்டி வைத்த அளவுதான். நினைவகம், மின்சுற்று எல்லாம் சேர்ந்து 150 முதல் 175 வாட் வரை இழுக்கும் அந்த அமைப்பில், சிப்புக்கு மட்டும் 120 வாட் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 வாட்டுக்கு மேல் வருகிறது. 18 சென்டிமீட்டர் அகலமுள்ள 1,500 வாட் ஹாட்பிளேட் அடுப்பில் அதே ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைப்பது 6 வாட் மட்டுமே. தோசைக்கல் வைக்கும் அடுப்பைவிட ஐந்து மடங்கு நெருக்கமான வெப்பம், இரண்டு விரற்கடைகூடத் தடிமன் இல்லாத ஒரு பெட்டிக்குள். பக்கத்திலேயே பிராசஸர் வேறு இருக்கிறது. இன்டெல்லின் ஐ7-12700எச் என்ற பிராசஸருக்கு அடிப்படை அளவு 45 வாட், டர்போ வேகத்தில் உச்சம் 115 வாட்.

இவ்வளவு வெப்பமும் வெளியே போக ஒரே ஒரு பாதைதான் உண்டு. சிப்பின் மேல் தெர்மல் பேஸ்ட், அதன்மேல் செம்புத் தகடு, தகட்டிலிருந்து ஹீட் பைப், ஹீட் பைப்பின் முனையில் மெல்லிய தகடுகளாலான சல்லடை, அதன் வழியே காற்றைத் தள்ளும் ஃபேன். இதில் ஹீட் பைப் என்பது அருமையான சாதனம். காற்றை வெளியேற்றிய செம்புக் குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். உள்ளே அழுத்தம் மிகக் குறைவு என்பதால் நூறு டிகிரிக்கு வெகு முன்பே தண்ணீர் ஆவியாகிவிடும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி வெப்பத்தை இறக்கிவிட்டு மறுபடி நீராகும். குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் திரிபோல அந்த நீரை உறிஞ்சிச் சூடான முனைக்குத் திருப்பி அனுப்பும். மோட்டாரும் இல்லை, மின்சாரமும் வேண்டாம். 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்து காட்டி இந்தப் பெயரையும் வைத்தார். அவர் மனத்தில் இருந்தது விண்வெளி. மைசூருவிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள பெங்களூருவில் இஸ்ரோ உருவாக்கும் செயற்கைக்கோள்களிலும் வெப்பத்தைக் கடத்த ஹீட் பைப்புகள் உண்டு. அங்கே தண்ணீருக்குப் பதில் அம்மோனியா.

ஹீட் பைப் சட்டென்று கெட்டுப்போவதில்லை. பாதையின் இரண்டு முனைகள்தான் கெடும். ஒரு முனையில் பேஸ்ட் காயும், இன்னொரு முனையில் சல்லடை அடைக்கும்.

சர்வீஸ் மேசையில் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. ஃபேன் இறக்கைகளில் தூசி படிந்திருக்கும். ஆனால் உண்மையான அடைப்பு அங்கே இல்லை. ஃபேனின் மேல்தகட்டையும் கழற்றினால், ஃபேனுக்கும் சல்லடைக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை நிற்கும். போர்வைப் பஞ்சு, தலைமுடி, தெருத்தூசி எல்லாம் காற்றழுத்தத்தில் ஒன்றோடொன்று இறுகிக் கம்பளித் துண்டுபோல ஆகியிருக்கும். சாமணத்தால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுப் பட்டையும் ஒரே துண்டாக வரும். வெளியிலிருந்து ஊதினால் இந்தப் பட்டை பெரும்பாலும் போகாது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் துளையில் காற்று மெலிதாக வருகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மைசூருவின் உயரத்துக்கும் இதில் சிறு பங்கு உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் சென்னைக் கடற்கரையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.16 கிலோ. அதே வெப்பத்தில் மைசூருவில் அது 1.06 கிலோதான், எட்டு ஒன்பது சதவீதம் குறைவு. ஃபேன் ஒரு நிமிடத்தில் தள்ளும் கன அளவு மாறாது. தள்ளப்படும் காற்றின் எடை குறைகிறது. வெப்பத்தைச் சுமப்பது எடைதான். சென்னையில் அறை வெப்பத்தைவிட 25 டிகிரி கூடுதலாக வெளியேறும் காற்று, மைசூருவில் 27 டிகிரி கூடுதலாக வெளியேறும். அதாவது மலைக்காற்றுக்குக் கொடுக்கும் விலை இரண்டு டிகிரி. ஆனால் சென்னையின் மே மாத இரவு 27, 28 டிகிரி என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மைசூருக்காரருக்கு நிகர லாபம் இன்னும் நான்கைந்து டிகிரி இருக்கிறது. அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பும் கூடும் என்பதால் இந்தக் கணக்கு வெறும் வேடிக்கை இல்லை. சன்னலைத் திறந்து வைத்து இரவில் விளையாடுவதற்கும், மூடிய விடுதி அறையில் பிற்பகல் விளையாடுவதற்கும் பத்து டிகிரி வரை வித்தியாசம் வந்துவிடும்.

எத்தனை டிகிரி வரை தாங்கும்? இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு உச்ச எல்லை 100 டிகிரி, சிலவற்றுக்கு 105. ஏஎம்டி ரைசனில் பெரும்பாலும் 95 முதல் 105 வரை. என்விடியா லேப்டாப் கிராபிக்ஸ் பெரும்பாலும் 87 டிகிரியை ஒட்டித் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். எல்லையைத் தொட்டால் சிப் உடனே எரிந்துவிடாது. அது தன் வேகத்தைத் தானே குறைத்து வெப்பத்தை இறக்கும். இதைத்தான் த்ராட்டிலிங் என்கிறார்கள். ஆகவே 90 டிகிரி என்று பார்த்ததும் பதற வேண்டியதில்லை. கேமிங் லேப்டாப்பில் பிராசஸர் 85, 90இல் ஓடுவது சகஜம். வேகம் குறைகிறதா என்பதுதான் கேள்வி.

இதை உலகம் முழுக்கப் பார்க்கும்படி காட்டிய சம்பவம் 2018 ஜூலையில் நடந்தது. ஆப்பிள் நிறுவனம் ஆறு கோர் ஐ9 பிராசஸருடன் புதிய மேக்புக் புரோவை வெளியிட்டிருந்தது. டேவ் லீ என்ற யூடியூபர் அதில் ஒரு வீடியோவை ஏற்றுமதி செய்து பார்த்தார். ஏறத்தாழ 40 நிமிடம் பிடித்தது. அதே லேப்டாப்பை ஃப்ரீஸருக்குள் வைத்து அதே வேலையைக் கொடுத்தார். 27 நிமிடத்தில் முடிந்தது. பிராசஸர் ஒன்றேதான். சூடு மட்டும்தான் நடுவே நின்றிருந்தது. சில நாட்களில் ஆப்பிள், வெப்பக் கட்டுப்பாட்டு மென்பொருளில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டு திருத்தத்தை வெளியிட்டது. (ஃப்ரீஸர் வேலையை யாரும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி படியும். பிறகு அந்த லேப்டாப் சூடாகவும் மிஞ்சாது.)

இந்த த்ராட்டிலிங்கைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. ஒவ்வொரு சிப்பின் உள்ளேயும் வெப்ப உணரிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்க ஒரு மென்பொருள் போதும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோரின் வெப்பத்தையும், வேகத்தையும், இழுக்கும் வாட்டையும் தனித்தனியே காட்டும். தெர்மல் த்ராட்டிலிங் என்ற வரிசைக்கு எதிரே ஆம் என்றோ இல்லை என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் இருக்கும். அந்தச் சொல்தான் முழுத் திரையிலும் முக்கியமானது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மற்றொன்று. அதோடு வரும் ரிவாட்யூனர், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் மூலையில் வெப்பத்தையும், வினாடிக்கு எத்தனை சட்டங்கள் (ஃப்ரேம்கள்) என்ற எஃப்பிஎஸ்ஸையும் எழுதிக்கொண்டே இருக்கும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரே 2020 முதல் கிராபிக்ஸ் வெப்பத்தைக் காட்டுகிறது, தனி கிராபிக்ஸ் அட்டை இருந்தால்.

அளப்பதற்கும் ஒரு முறை வேண்டும். லேப்டாப்பைத் திறந்த ஐந்தாம் நிமிடம் பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை. செம்பும் தகடும் சூடேறி நிலைக்கு வரவே கால் மணி நேரம் ஆகும். ஒரே ஆட்டம், ஒரே இடம், ஒரே மேசை, முடிந்தால் ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டு, அரை மணி ஆட்டத்தில் வந்த உச்ச வெப்பம், சராசரி வேகம், அறை வெப்பம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். பிறகு எதை மாற்றினாலும் மாற்றிய பின் அதே அரை மணி. இப்படி எழுதி வைக்காமல் பேஸ்ட் மாற்றியவர்களும் கூலிங் பேட் வாங்கியவர்களும் "கொஞ்சம் பரவாயில்ல போலிருக்கு" என்பதோடு நிற்கிறார்கள். அந்தப் "போலிருக்கு"க்குக் கொடுத்த பணம் வீணாகப் போயிருக்கலாம் என்பதுதான் வருத்தம்.

தாளில் எண்கள் வந்த பிறகு, முதலில் செய்ய வேண்டியது காசில்லாத வேலைகள். கேமிங் லேப்டாப்புகள் அடிப்பக்கத் துளைகளில்தான் காற்றை இழுக்கின்றன. மெத்தையில் வைத்தால் அந்தத் துளைகள் மூடிக்கொள்ளும். துணியின் பஞ்சும் நேரே உள்ளே போகும். மேசைக்கு மாற்றி, பின்பக்கத்தின் கீழே ஒரு தடித்த புத்தகத்தைத் துளை மறையாதபடி ஓரமாகக் கொடுத்து உயர்த்தினாலே சில டிகிரி இறங்கும். விலை உயர்ந்த கூலிங் பேட் செய்வதில் பெரும்பங்கு இந்த உயர்த்துதல்தான். ரப்பர் விளிம்போடு லேப்டாப்பின் அடியை அழுத்தி மூடி, காற்றை உள்ளே திணிக்கும் வகை பேடுகள் மட்டும் உண்மையிலேயே தனி ரகம். அவற்றின் இரைச்சலைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அடுத்தது எஃப்பிஎஸ். வேலோரன்ட் மாதிரி இலகுவான ஆட்டம் ஒரு நல்ல லேப்டாப்பில் வினாடிக்கு 250 சட்டங்களுக்கு மேல் உருவாக்கும். திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் அது காட்டுவது 144தான். மிச்சம் இருக்கும் நூற்றுச் சொச்சத்தை வரையவும் சிப் வெந்துகொண்டிருக்கிறது. உச்சநிலைப் போட்டியாளர்கள் கை வேகத்துக்காக அந்த மிச்சத்தையும் விரும்புவார்கள். மற்ற எல்லோரும் அமைப்புகளுக்குள் போய் எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு கட்டிவிடலாம். வரம்பு கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 காட்டியது. அந்த ஆட்டத்தின் மெனு திரையில் எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பே வைக்கப்படவில்லை. ஒன்றும் நடக்காத திரையில் சிப் வெறித்தனமாக வரைந்து தள்ள, ஆட்டக்காரர்களின் கணினிகள் அளவுக்கு மீறிச் சூடாயின. பிளிஸ்ஸார்ட் நிறுவனமே வரம்பு கட்டுவதற்கான இரண்டு வரிகளை வெளியிட்டு, அமைப்புக் கோப்பில் சேர்த்துக்கொள்ளச் சொன்னது.

மூன்றாவது, டர்போ. விண்டோஸின் பவர் அமைப்பில் பிராசஸரின் உச்ச நிலை 100 சதவீதம் என்றிருப்பதை 99 ஆக்கினால் பெரும்பாலான லேப்டாப்புகளில் டர்போ நின்றுவிடும். முன்பு சொன்ன ஐ7-12700எச் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.3க்கு இறங்கும். கேட்கும்போது பெரிய இழப்பாகத் தெரியும்; ஆனால் கிராபிக்ஸ் கனமான ஆட்டங்களில் காத்திருப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பின் வேலைக்காகத்தான், ஆகவே ஆட்டம் அவ்வளவாக மந்தமாகாது, வெப்பமோ பத்து இருபது டிகிரி சரியும். பிராசஸரை நம்பி ஓடும் வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் போன்றவற்றில் மட்டும் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அண்டர்வோல்ட் செய்வார்கள். சிப் எரிக்கும் மின்திறன் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு இருமடியாகவும் ஏறும். மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் அந்த மின்திறன் 19 சதவீதம் குறையும், வேகம் அப்படியே இருக்கும். நிறுவனங்கள் எல்லாச் சிப்புக்கும் பொதுவாகக் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தை வைத்து அனுப்புவதால் இதற்கு இடம் இருக்கிறது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு பல இன்டெல் லேப்டாப்புகளில் இந்த வசதி பூட்டப்பட்டுவிட்டது. கிராபிக்ஸ் பக்கம் ஆஃப்டர்பர்னரில் இன்றும் செய்யலாம். அளவு மீறினால் ஆட்டம் நடுவே நின்றுபோகும், மறுபடி தொடங்கிக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் தாளில் எண் இறங்கவில்லை என்றால்தான் ஸ்க்ரூ டிரைவர். வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் அடிமூடியைக் கழற்றுமுன் நிறுவனத்தின் விதியைப் படித்துவிட வேண்டும். சுத்தம் செய்யும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். புளோவர் காற்றில் ஃபேன் கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெடும், மோட்டார் மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்கும் அனுப்பும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடவே கூடாது. அதன் குழாய் முனையில் நிலைமின்சாரம் சேரும்.

பேஸ்ட் விஷயத்தில் சர்வீஸ்காரரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். "என்ன பேஸ்ட் அண்ணா போடறீங்க? ஏற்கெனவே உள்ளே இருக்கறது பேஸ்ட்தானா, லிக்விட் மெட்டலா?" சில கேமிங் லேப்டாப்புகளில் பேஸ்ட்டுக்குப் பதில் காலியம் கலந்த திரவ உலோகம் போட்டு வருகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் பேஸ்ட்டைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். அலுமினியத்தை அரித்தும் விடும். தெரியாமல் துடைக்கப் போய் ஒரு துளி போர்டில் சிந்தினால் ஷார்ட்தான். சாதாரண பேஸ்ட்டுக்கும் ஒரு சிக்கல் உண்டு. சிப் ஒவ்வொரு முறை சூடாகிக் குளிரும்போதும் தகட்டுக்கும் அதற்கும் நடுவே உள்ள பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளப்படும். நீர்மையான பேஸ்ட் முதல் மாதம் அபாரமாக இருந்து ஆறாம் மாதம் பழைய நிலைக்கே வருவது இதனால்தான். சூட்டில் இளகி, குளிரில் இறுகும் ஃபேஸ் சேஞ்ச் தாள்கள் இப்படி நகர்வதில்லை. கடையில் கிடைத்தால் லேப்டாப்புக்கு அதுவே மேல்.

சூடாகிக் குளிர்வது என்ற இந்தச் சுழற்சியை இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மைசூருவை அடுத்த நஞ்சன்கூடுவில் ஏடி அண்ட் எஸ் என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தயாராவது மின்னணுச் சாதனங்களுக்கான சர்க்யூட் போர்டுகள். ஒரு போர்டு என்பது கண்ணாடி இழையும் எபாக்ஸியும் செம்பும் அடுக்கடுக்காக ஒட்டியது. ஒவ்வொன்றும் சூட்டில் வெவ்வேறு அளவு விரியும். அதன்மேல் பற்றவைத்த சிலிக்கான் மிகக் குறைவாகவே விரியும். இந்த இழுபறி முழுவதும் நடுவிலுள்ள ஈயப்பற்று முத்துகளின் மேல் விழுகிறது. 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புகள் வழக்கத்துக்கு மீறிப் பழுதாவதை அறிவித்து, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. சிப் பொதியலின் பலவீனமான பொருளும் லேப்டாப்பின் வெப்பமும் அறிவிப்பில் காரணங்களாகச் சொல்லப்பட்டன. முந்தைய ஆண்டுதான் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவியின் பழுதுகளுக்காக மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று ஆண்டாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியிருந்தது.

சூடு உடம்பையும் விடாது. 2010இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். பல மாதங்களாக தினமும் சில மணி நேரம் மடியில் லேப்டாப்பை வைத்து விளையாடியவன். இடது தொடையில் மட்டும் வலைப்பின்னல்போலப் பழுப்புத் தழும்பு. லேப்டாப்பின் இடப்பக்கம்தான் அதிகம் சுட்டது. அவனுக்கும் அது தெரிந்தே இருந்தது. குளிர்காலத்தில் கனல் நிரம்பிய காங்கிரிச் சட்டியை மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காஷ்மீரிகளிடம் இந்தத் தழும்பை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அங்கே அது புற்றுநோயாக மாறிய நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. லேப்டாப்பின் சூடு அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் மடி என்பது கேமிங் லேப்டாப்புக்கான இடமே இல்லை. பெற்றோர் இந்த ஒன்றில் கறாராக இருக்கலாம்.

கடைசியாகப் பேட்டரி. லித்தியம் பேட்டரிக்கு முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்து வரும்போது ஆயுள் வேகமாகக் கரைகிறது; சார்ஜரைச் செருகியபடி விளையாடும்போது நடப்பது சரியாக அதுதான். பெரும்பாலான நிறுவனங்களின் சொந்த மென்பொருளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. வாங்கிய அன்றே அதைப் போட்டுவிட வேண்டும். டச்பேட் மேலெழும்பினாலோ, அடிமூடி விரிசல் கண்டாலோ, லேப்டாப் மேசைமேல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்போது அளவும் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, தீப்பிடிக்கும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போக வேண்டும். உப்பலை அமுக்குவதோ குத்துவதோ தீயில் முடியும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. புதுப் பேட்டரி வாங்கும்போதே பழையதை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டுக்கொள்ளலாம்.